டீ கிளாஸ் தோண்டிய கிணறு

கதை விளையாட்டுப் பத்திரிகையின் புது இதழ் வந்த அன்று காலையில் நான் மூன்று இட்லி சாப்பிட்டிருந்தேன். இதைச் சொல்லக் காரணம், மத்தியானம் வரைக்கும் அந்த மூன்றும் வயிற்றில் தங்க மாட்டோம் என்று அடம் பிடித்ததுதான். உடம்புக்கு ஒன்றுமில்லை. இதழின் நடுப்பக்கத்தில் ஒரு கதை இருந்தது. அதை உண்டாக்கியவர் ஞாயிறுதோறும் எங்களோடு உட்கார்ந்து விளையாடுகிற ஒரு பெண். மேலே அச்சாகியிருந்த பேர், அதே மேஜையில் உட்காருகிற இன்னொருவருடையது.

தர்மபுரியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா நகல், ஆதார் நகல், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், ஸ்பைரல் பைண்டிங். இந்தப் பிழைப்புக்கும் கதை விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். சம்பந்தம் ஒன்றும் இல்லை. நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதையை நடத்துவார். 'மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள், எதிரே மூன்று பாதை' என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, எதில் போவது, யாரிடம் பேசுவது, யாரை வெட்டுவது என்று முடிவு செய்வோம். செய்த முடிவு பலிக்குமா என்று பகடைக்காய் சொல்லும். இப்படி நடத்துவதற்குத் தோதாக ஊர், ஆட்கள், ஆபத்துகள், வரைபடம் எல்லாவற்றையும் தயார் செய்து கொடுக்கிற ஆங்கிலப் பத்திரிகைகள் இருக்கின்றன. எங்களுடைய பத்திரிகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் கோப்பாக வரும். அதை நாலு பிரதி அடித்து ஸ்பைரல் போடுவது என் பொறுப்பு. அதனால்தான் மற்றவர்களை முந்திக்கொண்டு எனக்குக் குமட்டியது.

அந்த நாலு பேரைச் சொல்லிவிடுகிறேன். சார், தனியார் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறவர். பெங்களூரில் படித்தபோது இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு, ஒரு சுருக்குப்பை நிறையப் பகடைகளோடு ஊர் திரும்பியவர். தாள் அச்சடிக்க என் கடைக்கு வந்தவர் என்னையும் இதில் இழுத்துவிட்டார். அடுத்தவர் பாய். செருப்புக்கடைக்காரர், எங்களில் மூத்தவர். அவர் கடை மாடியில் சரக்கு வைக்கிற அறையில்தான் ஞாயிறு மத்தியான ஆட்டம். ரப்பரும் பசையும் சேர்ந்த நாற்றம் முதல் பத்து நிமிஷம் தலையைச் சுற்றும், பிறகு பழகிவிடும். காலிச் செருப்பு டப்பாக்களை அடுக்கிக் கோட்டையும் குகையும் கட்டுவதில் பாய் கெட்டிக்காரர். மூன்றாமவர் தங்கச்சி. கூடப் பிறந்தவர் இல்லை. என்னை அண்ணா என்று கூப்பிட்டதால் எனக்குத் தங்கச்சி ஆனவர். பென்னாகரம் பக்கம் அரசாங்க சர்வேயர். நாலாவது ஆள் நான்.

சர்வேயரை எந்த ஊரிலும் வா என்று கூப்பிட்டு மோர் கொடுக்க மாட்டார்கள். அளந்து பார்த்தால் ஒருவனுக்கு ஒரு முழம் கூடும், பக்கத்துக்காட்டுக்காரனுக்கு ஒரு முழம் குறையும். கூடினவன் நன்றி சொல்ல மாட்டான், குறைந்தவன் ஏழு தலைமுறைக்கும் சாபம் விடுவான். ஏரியூர்ப் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு அம்மாள் தங்கச்சி மேல் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். தலையில் மண்ணோடு மிச்ச அளவையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் இவர் பஸ் ஏறினார். அப்படி வெயிலில் நின்று அளந்து வரைந்த படம் கம்ப்யூட்டருக்குள் போய், மேலிடத்து ஒப்புதல் வாங்கி, மக்கள் கைக்கு நகலாக வரும்போது அதில் இவர் பேர் இருக்காது. அந்த நகல்களில் பாதி என் கடைக்கு வரும். 'நான் வரைஞ்சது தாலுக்கா பூராக் கெடக்குதுங்கண்ணா, ஒண்ணுலகூட எம்பேரு கெடையாது' என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர் உண்டாக்கிய கதை இது. ஒரு மலைக்கிராமம். ஒவ்வொரு அமாவாசைக்கும் அங்கே எல்லைக்கற்கள் தானாக நகர்கின்றன. பேயா, பக்கத்து ஊரானா, ராஜாவின் ஆளா என்று தெரியாமல் ஊர் வெட்டுக்குத்துவரை வந்துவிட்டது. அளக்க வந்த ஆட்கள் நாங்கள். நாலு ஞாயிறு அலைந்து கடைசியில் கண்டுபிடித்தோம், பேயுமில்லை பிசாசுமில்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் யாருக்கும் தெரியாமல் ஒரு விரற்கடை நகர்த்தியிருக்கிறான். புகார் கொடுத்தவன் உட்பட. வெட்ட ஆள் இல்லை, பிடிக்கத் திருடன் இல்லை. ஊர்ச்சபையில் எல்லோரையும் உட்காரவைத்து, கல்லைத் திரும்ப எப்படி நடுவது என்று பேசுவதுதான் கடைசிக் கட்டம். கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்த பாய், கத்தியை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக விளையாடுகிறேன், இப்படி ஒரு கதையை நான் ஆடியதில்லை.

அதற்கு அவர் ஒரு வரைபடம் போட்டிருந்தார். பெரிய கிராஃப் தாளில் வடக்கு அம்புக்குறி, அளவுகோல், ஒவ்வொரு கல்லுக்கும் வடமேற்கு மூலையில் தொடங்கும் வரிசை எண். சர்வேயருக்குக் கை வேறு மாதிரி போகாது, கற்பனை ஊரானாலும் முறைப்படிதான் வரையும். கீழே வலது மூலையில் தன் பேரை முழுசாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டிருந்தார்.

இரண்டாவது ஞாயிறு, ஆட்டத்தின் வேகத்தில் பாய் தன் டீ கிளாஸைக் கொண்டுபோய் அந்தப் படத்தின் தென்மேற்கு மூலையில் வைத்துவிட்டார். எடுத்தபோது வட்டமாகக் கறை. தங்கச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. பாய் விடவில்லை. அது கறை இல்லை, கிணறு, என் ஆள் போய் அதில் விழுகிறான் என்று சொல்லிப் பகடையை உருட்டினார். விழுந்தும் விட்டான். அவனைக் கயிறு போட்டுத் தூக்குவதற்குள் எங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் பசி எடுத்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்தும் கறை போகவில்லை. அன்று சார் வரவில்லை, சேலத்தில் ஏதோ கல்யாணம். கறை கிணறான விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் இருந்தது. யார் கதை நடத்தினாலும் தமிழில்தான் சொல்வார்கள், சார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நீள நோட்டில் ஆங்கிலத்தில் குறிப்பெடுப்பார். வராத நாள் குறிப்பை அடுத்த வாரம் கேட்டு எழுதிக்கொள்வார். பதிவு பண்ணாத ஆட்டம் காற்றில் போய்விடும் என்பது அவர் வாதம். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் கதை முடிந்ததும், இதை ஆங்கிலத்தில் எழுதிப் பத்திரிகைக்கு நானே அனுப்புகிறேன் என்றார். தங்கச்சிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். புக்கில் என் பேர் வரும்தானே சார் என்று கேட்டார். பின்னே வராமல் என்றார் சார். அன்று சாயங்காலமே தங்கச்சி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றி. சார் ஒரு நாள் காலை அந்த வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தெளிவாக ஸ்கேன் செய்யச் சொன்னார். பெரிய மெஷினில் கொடுத்து எடுத்தேன். திரையில் படம் வந்ததும் வலது மூலையைக் காட்டி, கீழே இருக்கிற பேரை மட்டும் எடுத்துவிடுங்கள், பத்திரிகைக்காரர்கள் அவர்கள் எழுத்தில் போட்டுக்கொள்வார்கள் என்றார். எனக்கு உள்ளே சுருக்கென்றது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆனால் கேட்டது சார். வாசலில் ஆறேழு பேர் நகலுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். பேரின் மேல் வெள்ளையை இழுத்து மூடினேன், அரை நிமிஷ வேலை. சான்றிதழில் தேதியை மறைத்து நகல் கேட்டு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறவன் நான். ஊரில் கேட்டுப் பாருங்கள், அந்த விஷயத்தில் எனக்கு நல்ல பேர்.

புது இதழ் வந்த காலையில் நான் பார்த்தது அந்தப் படத்தைத்தான். வேறு யாரோ அழகாகத் திரும்ப வரைந்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். கல் எண்கள் அப்படியே வடமேற்கிலிருந்து தொடங்கின. தென்மேற்கு மூலையில் கல் அடுக்கிய வாயோடு, பாசி படிந்து, நல்ல வட்டமாக ஒரு கிணறு இருந்தது. கதைக்குள் அதற்கு ஒரு பத்தி விளக்கமும் உண்டு. பழைய கிணறு, தண்ணீர் இல்லை, ஆழத்தை அறிந்தவர் இல்லை. பாயின் டீ கிளாஸுக்கு ஆழம் அறிந்தவர் இல்லையாம். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வாந்திதான் வந்தது. அதைவிடக் கேவலம், சார் முடிவை மாற்றியிருந்தார். ஊரார் எல்லோரும் அப்பாவிகள் ஆகிவிட்டார்கள். குகைக்குள் ஒற்றைக்கண் அரக்கன் ஒருவன் இருக்கிறான், அவன்தான் கல்லை நகர்த்துகிறான். வெட்டிக் கொன்றால் கதை முடிந்தது. ஊரான் வீட்டு நெய்யை எடுத்தவர், அதில் தண்ணீரையும் கலந்திருந்தார்.

தங்கச்சிக்கு அன்றே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை தெரியத்தான் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுவில் நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் போனில் ரசிகர் குழுவைப் படித்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று பல ஊர்த் தமிழ் ஆட்டக்காரர்கள் சேர்ந்த குழு அது. புது இதழ் வந்தால் ஒரு வாரம் அலசுவார்கள். நானும் அதில் நாளெல்லாம் கிடந்தவன்தான், ஆனால் அந்த வாரம்தான் அவர்கள் பேச்சு எப்படிப்பட்டது என்று காதில் விழுந்தது. ஒருவருக்கு எழுத்துரு பிடிக்கவில்லை. ஒருவர் இன்னும் படிக்கவில்லையாம், இருந்தாலும் பழைய இதழ்களின் தரம் இதில் இல்லையாம். அட்டையில் இருந்த டிராகனைக் கம்ப்யூட்டர் வரைந்ததா மனிதர் வரைந்தாரா என்று இரண்டு நாள் அடித்துக்கொண்டார்கள். வரைகிறவன் உழைப்பைத் திருடுவது பாவம், பேர் போடாமல் விடுவது அதைவிடப் பாவம் என்று ஒருவர் நீளமாக எழுதினார். முப்பது பேர் கைதட்டினார்கள்.

நடுப்பக்கக் கதைக்கு ஏகப்பட்ட பாராட்டு. நம்ம ஊர்க்காரர் எழுதியது என்று சாருக்கு மாலை போடாத குறைதான். அரக்கன் வழக்கமான அரக்கன்தான் என்று ஓரிருவர் முனகினார்கள். எல்லோரையும் பிடித்துக்கொண்டது கிணறு. கதையில் எங்கேயும் உதவாத கிணற்றை எதற்காக ஆசிரியர் வைத்திருக்கிறார் என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம். அது பாதாளத்துக்கு வழி என்றார் ஒருவர். அரக்கனின் இழந்த கண் என்றார் இன்னொருவர், வட்டமாக இருப்பதால். சொல்லாமல் விடுவதில்தான் இவருடைய கலை இருக்கிறது என்று ஒரு அம்மணி எழுதியிருந்தார். சார் அதற்குக் கும்பிடுகிற கைப்படம் ஒன்றை மட்டும் போட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மை எதுவும் படவில்லை, இருந்தாலும் கழுவ வேண்டும் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சார் கால் கிலோ மைசூர்பாகோடு மாடி ஏறி வந்தார். நம்ம கதை வந்துவிட்டது என்று சொல்லி டப்பாவைத் திறந்து வைத்தார். அந்தத் தைரியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் பிரதிகளைக் கொடுத்தேன். தங்கச்சி நேராக நடுப்பக்கத்துக்குப் போய், தலைப்புக்கு மேலே விரலை வைத்து, எழுத்துக் கூட்டுகிறவர் போல அந்தப் பேரைப் படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் தேடினார், கடைசிப் பக்கத்தில் தேடினார். ஒரு தாளின் எல்லா மூலையிலும் தேடிப் பழகின கண் அது. எங்கேயும் இல்லை என்று உறுதியான பிறகுதான் நிமிர்ந்தார்.

யாரும் கேட்காமலே சார் பேச ஆரம்பித்தார். பத்திரிகையில் ஒரு பேர்தான் போடுவார்கள், கடிதத் தொடர்பு அவரோடு என்பதால் அவர் பேர் வந்துவிட்டதாம். எழுதின ஆங்கிலம் முழுக்க அவருடையதாம். கதை என்று பார்த்தால் இந்த மேஜையில் பேசிப் பேசி வளர்ந்தது, யாருக்கும் தனிச்சொத்து இல்லையாம். எல்லாமே அவருடைய நோட்டில் அவர் கையெழுத்தில் இருக்கிறதாம். அவர் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை, வகுப்பில் இலக்கணம் நடத்துகிற குரல்.

ஆங்கிலம் சரளமாக வராததால் பாய் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தென்மேற்கு மூலையில் விரலை வைத்தார்.

"சார், இது எங்கூட்டு டீ கிளாஸுங்க" என்றார்.

சாருக்குப் புரியவில்லை. பாய் சொல்லி முடித்தபோது, கையில் எடுத்திருந்த மைசூர்பாகைச் சார் திரும்ப டப்பாவிலேயே வைத்தார். படத்தில் இருந்தது, அதனால் போட்டேன் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், காம்பு வெளியே தெரிவதைக் கவனிக்கவில்லை. மேஜையில் பேசிப் பேசி வளர்ந்த கதை என்றால், கிணறு எப்படி வந்தது என்று அந்த மேஜைக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா.

தங்கச்சி கிணற்றை விட்டுவிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"படத்துல கீழ எம்பேரு எழுதியிருந்தேன். அது எங்க போச்சுங்க?"

சார் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நீயே பார்த்துக்கொள் என்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன். ஸ்கேன் மெஷின் பெரிய தாளில் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும், அதில் போயிருக்கும் என்றேன். யோசிக்கக்கூட இல்லை, கடையில் தினம் சொல்கிற சமாதானம் போலத் தானாக வந்தது. தங்கச்சி தலையாட்டினார். அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாயிடம் சொன்னார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டப்பாவிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நெய் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பாய்க்குப் பொறுக்கவில்லை. இந்தக் கதையும் படமும் எங்கள் மேஜையில் இருக்கிற சர்வேயரம்மா போட்டது, கிணறு என் டீ கிளாஸ் என்று ரசிகர் குழுவில் குரல் பதிவு போட்டார். வரைகிறவன் உழைப்பைத் திருடுவது பாவம் என்று எழுதிய அதே ஆள், ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருவர் பாயின் தமிழைக் கேட்டுச் சிரிப்புப் பொம்மை போட்டார். தனிப்பட்ட சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம், இது இதழைப் பற்றிப் பேசும் இடம் என்று குழுவை நடத்துகிறவர் பதிவை எடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மறுபடி அட்டை டிராகனுக்குப் போய்விட்டார்கள். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. போனில் துப்ப முடியாது. நானும் அந்தக் குழுவில் ஒரு வரி எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி குழுவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பத்திரிகை ஆசிரியருக்கு மெயில் எழுதினார். மூல வரைபடத்தை அனுப்பினால் விசாரிக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. மூலம் சாரிடம் இருந்தது. கேட்டதற்கு, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எங்கே போனதோ தெரியவில்லை என்றார். புதன்கிழமை மத்தியானம் தங்கச்சி என் கடைக்கு வந்தார். வத்தல்மலைக்கு அளவைக்குப் போய்விட்டு வந்திருந்தார், செருப்பு நிறையச் செம்மண். ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, அந்த ஸ்கேன் இருந்தால் கொடுங்கள் அண்ணா, கல் நம்பர் போட்டிருக்கிற என் கையெழுத்தை வைத்தே நிரூபித்துவிடுவேன் என்றார்.

கம்ப்யூட்டரில் இரண்டு கோப்புகள் இருந்தன. முதலில் எடுத்த முழுப்படம் ஒன்று, பேரை மூடின பிறகு சேமித்தது ஒன்று. மூடினதைக் கொடுத்தால் அவருக்குப் பாதி ஆதாரம் கிடைக்கும், நான் யோக்கியனாக இருந்துகொள்ளலாம். முழுப்படத்தைக் கொடுத்தால் அவர் பேர் அவருக்குக் கிடைத்துவிடும், மெஷின் எதையும் வெட்டவில்லை என்பதும் தெரிந்துவிடும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மௌஸ் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒரு நல்லவனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு ஆள் வந்து ரேஷன் கார்டு இரண்டு பக்கமும் நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற அளவுக்கு யோசித்தேன். பிறகு முழுப்படத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் பார்த்தார். கல், வரப்பு, ஓடை, டீ கறை. வலது மூலையில் அவர் பேர், அடியில் கோடு. பேரைத் தாண்டி இரண்டு விரற்கடை வெற்றிடம் பத்திரமாக இருந்தது. அளந்து பார்க்கிறவருக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு கோப்பு இருப்பதையும் பார்த்தார். அதைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

சார் சொன்னார், நான் செய்தேன் என்று முனகினேன். தங்கச்சி குரலை உயர்த்தவில்லை.

"சாரு பண்ணுனது சாரோட புத்தி. அவர நான் முழுசா நம்புனதுமில்ல. எம்பேரு மேல கைய வைக்கறப்ப எனக்கொரு போன் போட்டுக் கேக்கணும்னு ஒங்களுக்குத் தோணலீங்களா?"

இரண்டு கோப்பையும் அவர் மெயிலுக்கு அனுப்பினேன். வந்துவிட்டதா என்று போனில் சரிபார்த்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு பல ஞாயிறுகள் நான் செருப்புக்கடைத் தெருப் பக்கமே போகவில்லை. எனக்கு என் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சில்லை. சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் தாடையை மட்டும் பார்ப்பேன்.

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. கட்டம் கட்டி, கதையும் வரைபடமும் அவருடையது என்று பேரைத் தெளிவாகப் போட்டு, ஆசிரியர் வருத்தமும் தெரிவித்திருந்தார். கல்லை நகர்த்தியது ஊரார்தான் என்கிற அசல் முடிவையும் இரண்டு பக்கத்துக்கு வெளியிட்டிருந்தார்கள். ரசிகர் குழுவில் இதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த வாரம் முழுக்க, புது அட்டையில் இருந்த ராட்சசப் பல்லியின் கால் விரல் எத்தனை என்று விவாதம். சார் வேலைப்பளு காரணமாக எங்கள் மேஜையிலிருந்து விலகிக்கொண்டதாக அறிவித்தார். பெங்களூரில் நடக்கிற கூட்டங்களுக்குப் போய்வருகிறார். அங்கே இன்றும் அவரை 'அந்தக் கிணற்றுக் கதை எழுதியவர்' என்றுதான் அறிமுகம் செய்கிறார்களாம்.

திருத்தம் வந்த பக்கத்தை நல்ல கெட்டித்தாளில் கலரில் அடித்து லேமினேட் செய்தேன். ஓரங்களை இரண்டு தரம் சரிபார்த்தேன். எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு மத்தியானம் பாய் கடை மாடி ஏறினேன். தங்கச்சி கதை நடத்திக்கொண்டிருந்தார். எதிரே பாயும், கல்லூரியில் படிக்கிற பாயின் மகளும். மேஜை நிறைய ஒரு புது வரைபடம் விரித்திருந்தது. ஓரத்தில் காலி டப்பா ஒன்றைக் கவிழ்த்து, டீ கிளாஸ்களை அதன் மேல் வைத்திருந்தார்கள்.

கொண்டுபோனதை நீட்டினேன். தங்கச்சி வாங்கிப் பார்த்தார். நல்லா வந்திருக்கிறது, ஆனால் ஏற்கனவே பென்னாகரத்திலேயே பிரிண்ட் எடுத்துவிட்டேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கோபம் தெரியவில்லை. அது இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பாய் தலையைக் குனிந்து பகடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கிளம்புவதா நிற்பதா என்று தெரியாமல் படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன். தங்கச்சி ஒரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க. ஆனா படத்தைத் தொடாதீங்க."

பாயின் மகள் எதற்கு என்பதுபோல என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் உட்கார்ந்தேன். ஆட்டம் முடிகிறவரை இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தேன், என் முறை வந்தபோதெல்லாம் எனக்காகப் பகடையைப் பாய்தான் உருட்டினார்.